மெனிக்கேயின் நடனம்

கொலின்ஸ் அண்ணையின் மின்சாரச் சாமான் கடைத் திறப்பு விழாவுக்கு லொறியில் ஒரு யானை வந்தது. மன்னார் நகரத்தில் எந்தக் கடை வாசலிலும் கழுதை நிற்கும். அதுதான் அவருடைய பிரச்சினை.

"எல்லாற்ற கடைக்கு முன்னாலையும் கழுதை. என்ர கடைக்கு முன்னால யானை. பின்னேரம் நாலு மணி மட்டும் றோட்டிலதான் நிக்கோணும்" என்றார்.

யானையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். விழா ஒழுங்காக முடிந்தால் கடையில் பகல் காவல் வேலை நிரந்தரம் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். யானைமேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை.

யானையின் பெயர் மெனிக்கே. யானைக்காரர் சோமே தென்பக்கத்து ஆள். லொறிச் சாரதிகளிடம் பொறுக்கிய சிங்களத்தில் அவரோடு பேசினேன். மெனிக்கேயின் முன்காலில் சங்கிலி தின்ற இடத்தில் அவர் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசியிருந்தார். புண் தெரியவில்லை. மொய்த்த இலையான்களுக்கு மட்டும் தெரிந்தது.

வெயில் ஏறியதும் மெனிக்கே ஒவ்வொரு காலாகத் தூக்கி மாற்றத் தொடங்கினாள். சனம் கூடியது.

"பாருங்கோ, ஆடுறாள்!" கொலின்ஸ் அண்ணை துள்ளினார். "இன்ஸாப், பாட்டைக் கூட்டு!"

ஒலிபெருக்கிக்காரன் இன்ஸாப் கூட்டினான். மெனிக்கே இன்னும் வேகமாகக் கால் மாற்றினாள். சனம் கைதட்டியது. எனக்குச் சந்தேகமாக இருந்தது. செருப்பைக் கழற்றித் தார் றோட்டில் ஒரு காலை வைத்துப் பார்த்தேன். நானும் ஆடினேன்.

"அண்ணை, அது ஆடேல்ல. கால் சுடுது."

"உன்னட்டக் கேட்டனானே? வேலை வேணுமோ வேண்டாமோ?"

வேணும் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. யானையோடு எடுக்கும் படத்தில் சங்கிலி தெரியக் கூடாதாம். சோமே சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார். கயிற்றால் கட்டுவதற்கு என் கூட்டாளி எமிலைக் கூப்பிட்டார்கள். எமில் விடத்தல்தீவுப் படகுக்காரன். மெனிக்கேயை லைற் கம்பத்தில் கட்டிவிட்டு மிச்சக் கயிற்றைத் தாராளமாகத் தளர விட்டான்.

"ஏன்டா இவ்வளவு நீளம்?"

"வத்து வந்து கடல் இறங்கினால் படகு கயித்தில தொங்கிப் போகும் மச்சான்."

"இது யானையடா. றோட்டில என்ன வத்து?"

அவன் கயிற்றைப் பார்த்தான், கடல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தான். "கட்டினது கட்டினதுதான்" என்று சொல்லிவிட்டுச் சர்பத் குடிக்கப் போனான். நானும் விட்டுவிட்டேன்.

உள்ளே பாதர் கடையை ஆசீர்வதித்து முடித்தார். புது வெள்ளைத் தரை அழுக்காகும் என்று கொலின்ஸ் அண்ணை எல்லோருடைய சப்பாத்தையும் கதவுக்கு உட்பக்கத்திலேயே கழற்ற வைத்திருந்தார். படம் எடுப்பவர் வெளியிலிருந்து கூப்பிட்டார்: "ஒரு நிமிசம் வாங்கோ, யானையோட ஒரு படம். வெறுங்காலோட நிண்டாலும் பறவாயில்லை, இடுப்புக்கு மேலதான் எடுக்கிறன்."

பாதர், கொலின்ஸ் அண்ணை, மனைவி, மைத்துனர்மார் எல்லோரும் இறங்கி வந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே விற்பனைக்கு வைத்த மின்விசிறிகள் அத்தனையும் சுழன்றுகொண்டிருந்தன. குளிர்ந்த காற்று மெனிக்கேயின் முகத்தில் அடித்தது.

அவள் கடைக்குள் போனாள். எமில் விட்ட கயிறு சரியாகப் போதுமாயிருந்தது. முன்பாதி விசிறிகளுக்கு நடுவில், பின்பாதி படிகளில். கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். சப்பாத்துகள் எல்லாம் அவள் காலடியில்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கொலின்ஸ் அண்ணை ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலை. மைத்துனர்மார் தொடர்ந்தார்கள். பாதர் அங்கியை முழங்கால் வரை உயர்த்திக்கொண்டு, "சேசுவே! சேசுவே!" என்று துள்ளினார்.

"டேய் டிலோஜன்! யானையை வெளியில எடடா! அங்குசத்தால குத்து! இல்லாட்டி உனக்கு வேலை இல்லை!"

சோமே விட்டுப் போன அங்குசம் என் பக்கத்தில்தான் சாய்ந்து கிடந்தது. மெனிக்கே கடைக்குள் நான்கு காலையும் ஊன்றி, அசையாமல் நின்றாள். அன்று முழுக்க அவள் அப்படி நின்றதில்லை. நான் திரும்பினேன்.

"இன்ஸாப், பாட்டைக் கூட்டு. முதலாளி ஆடுறார்."

அவன் கூட்டினான். சனம் கைதட்டியது. என் வேலை அந்த இடத்தில் போய்விட்டது.

சோமே திரும்பி வந்து சாக்குகளை நனைத்து றோட்டில் விரித்தார். முதலில் அதில் பாதர் ஏறினார், பிறகு கொலின்ஸ் அண்ணை. கடைசியாக மெனிக்கே பின்பக்கமாக வந்து இறங்கினாள். கொலின்ஸ் அண்ணையின் புதுச் சப்பாத்து தோசை மாதிரித் தட்டையாகியிருந்தது.

நாலு மணிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கொலின்ஸ் அண்ணை படியில் குந்தி உள்ளங்காலை ஊதிக்கொண்டு, "ஏத்து, ஏத்து" என்று கையை மட்டும் ஆட்டினார். சோமே மெனிக்கேயை லொறியில் ஏற்றிப் பழைய காலிலேயே சங்கிலியைப் பூட்டினார். அடுத்த கிழமை வேறொரு நகரத்தில் வேறொரு திறப்பு விழா இருக்கிறதாம்.

பாட்டு இன்னும் முழுச் சத்தத்தில் ஓடியது. சோமே தண்ணீர் ஊற்றி நனைத்த லொறிப் பலகையில் மெனிக்கே கட்டை மாதிரி நின்றாள்.

"ஏன் இப்ப ஆடேல்ல?" என்று கேட்டான் இன்ஸாப்.

கொலின்ஸ் அண்ணை ஊதுவதை நிறுத்தினார். யானையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"பாட்டை நிப்பாட்டு" என்றார்.