சந்தனம் அடைத்த சுவிட்ச்

"அந்த வாள இப்படிக் குடுங்க மாமா. என் கையில குடுங்க."

கோயில் மண்டபத்தில் நின்ற ஆறேழு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். தேவமலர் நீட்டிய கையை மடக்கவில்லை. புறப்படும்போதே அம்மா முத்தாயி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். "பூச போட்டுட்டாங்க. இனிமே அது சாமிக்குச் சொந்தம். எத வேணாலும் கேளு, அத மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத."

கேட்டுவிட்டாள்.

கோயில் கமிட்டித் தலைவர் வீராசாமி வாளை நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் தோட்டத்தில் தண்டலாக, கூலிகளுக்கு மேல் கங்காணியாக இருந்து ஆள் விரட்டியவர். குரல் இன்னும் காட்டுக்குள் கூப்பிடுகிற குரல்தான்.

"என்னாம்மா பேசற? பொம்பளப் புள்ள தொடற சாமானா இது?"

"இத செஞ்சதே நான்தான் மாமா."

"செய்யறப்ப அது பலக. இப்ப ஆயுதம்."

இரண்டு வாரம் அந்தப் பலகையோடு மல்லுக்கு நின்றவள் அவள். நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் இதுவரை யாரும் பார்த்திராத வாள் வேண்டும், திருவிழா நாடகத்தில் வீரன் உருவினால் அது செக்கச்செவேலென்று எரிய வேண்டும் என்று கமிட்டி கேட்டபோது, அவள் கூலி கேட்கவில்லை. மண்டபத்துச் சாவியைக் கேட்டாள். பள்ளிக் கடைசிப் பரீட்சை எழுதப்போகும் ஐந்தாம் படிவத்துப் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்குச் சனிக்கிழமைதோறும் பௌதிகம் சொல்லிக் கொடுக்க இடம் வேண்டும். தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று இதே மண்டபத்தில் மாலை போட்டவர்கள், சாவி என்றதும் மூன்று மாதமாக மழுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வீராசாமி வாயாலேயே வந்தது: "நாடகத்தன்னிக்கு வாள் எரியட்டும், சாவி உன் கையில."

மலாக்காவுக்கு பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டு சிவப்பு எல்.இ.டி. வாங்கி வந்தாள். உடைந்தால் மாற்ற இன்னும் எட்டு. பிளைவுட் பலகையில் நடுவே வாய்க்கால் போல வெட்டி, இரண்டிரண்டாகக் கோத்துப் பதித்தாள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் எல்.இ.டி. கிடைக்கிற மின்சாரத்தை எல்லாம் குடித்துவிட்டுச் செத்துப்போகும். கைப்பிடிக்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. உள்ளே நான்கு சின்ன பேட்டரி, மொத்தம் ஆறு வோல்ட். பக்கத்தில் தள்ளு சுவிட்ச். நேற்று மாலை எரிந்தது. வீராசாமியே கண்ணை இடுக்கிக்கொண்டு, "அம்மாடி!" என்றார்.

இன்று காலை பூசாரி ராமையா பூசை போட்டார். புது மோட்டார் சைக்கிளுக்கும் புது டிவிக்கும் வைப்பதுபோல வாளுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். எங்கே? சரியாக சுவிட்சின் மேல்.

இப்போது மணி நான்கு. ஏழு மணிக்கு நாடகம். வாள் எரியவில்லை. எட்டடி தள்ளி நின்றே தேவமலருக்குக் காரணம் தெரிந்தது. சுவிட்சின் இடுக்கில் சந்தனம் காய்ந்து மண்டியிருந்தது.

"மாமா, ரெண்டே நிமிசம். ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு, சுவிட்ச பத்து தடவ முன்ன பின்ன தள்ளுனா போதும்."

"சந்தனத்தத் தொடைக்கறதா?" ராமையா பதறினார். "சாமி குத்தம்மா."

"அப்ப இருட்டு வாளோட ஆடச் சொல்லுங்க."

"வாயப் பாரு வாய" என்றார் பின்னாலிருந்து யாரோ. "படிக்க வச்சது தப்பாப் போச்சு."

வீரன் வேடக்காரன் யுகேந்திரன் பாதி மீசை வரைந்த முகத்தோடு எழுந்து வந்தான். ஜாசின் டவுனில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. "விடுங்கக்கா. இதெல்லாம் பெரிய விசயமா? பேட்டரி வீக்குலா. நம்ம மோட்டோ பேட்டரிய மாட்டுனா பிச்சிக்கிட்டு எரியும்."

"யுகேன், அது பன்னண்டு வோல்ட். மாட்டாத."

"ஹெட்லைட்டே தாங்குது, இந்தக் கடுகு பல்பு தாங்காதா?"

"தாங்காதுடா! கருகிப்போயிரும்."

அவன் அதற்குள் வீராசாமியிடமிருந்து வாளை வாங்கி, கைப்பிடியின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த பேட்டரிகளைக் கொட்டி, அவள் அளந்து வெட்டிய வயர்களை வெளியே இழுத்துவிட்டான். மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது. சுவிட்சை விட்டுவிட்டு, வயர் நுனிகளை நேராக அதன் பேட்டரியில் வைத்தான்.

வாள் பளிச்சென்று எரிந்தது. நேற்றைவிட மூன்று மடங்கு.

"பாத்தியா!" ஆண்கள் கைதட்டினார்கள். "யுனிவர்சிட்டிக்குத் தெரியாதது பட்டறைக்குத் தெரியுதுலா!"

தேவமலர் எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் சிவப்பு செம்மஞ்சளானது. நுனியில் ஒரு சோடி அணைந்தது. அடுத்தது. ரெசிஸ்டர் தீய்கிற நாற்றம் சாம்பிராணியையும் மீறி வந்தது. பலகையின் வாய்க்காலிலிருந்து மெல்லிய புகை. பிறகு ஒன்றுமே இல்லை.

யுகேந்திரன் வயரைப் பிடுங்கிவிட்டு விரலை ஊதினான். "சாமான் சரியில்லக்கா. மட்டமான சாமான வாங்கிட்டிங்க."

அவள் மூன்று வருடம் படித்த படிப்பில் ஒரு வரியைக்கூட இந்த மண்டபத்துக்குள் கொண்டுவர முடியவில்லை.

"சரி சரி, சண்ட வேணாம்." வீராசாமியின் குரல் திடீரென்று குழைந்தது. "மாத்து பல்பு வச்சிருக்க இல்ல? நீ அந்தத் தூணுகிட்ட நின்னு சொல்லிக் குடு. அவன் மாட்டுவான். நீ தொட்டாத்தான தப்பு?"

"சாவி மாமா?"

"அது எங்க போவுது? யுகேன்கிட்ட இருக்கட்டும். சனிக்கிழம அவன் வந்து தொறந்து விடுவான். வயசுக்கு வந்த புள்ளைங்க, மாசத்துல மூணு நாளு மண்டபத்துக்குள்ள கால் வைக்கக்கூடாதுல்ல? யாரு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு அவனே வாசல்ல கேட்டு அனுப்புவான்."

அந்த ஆறு பேரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இவன் முன்னால் வரிசையாக நின்று பதில் சொல்வதை அவள் நினைத்துப் பார்த்தாள். குனிந்து, தூண் அடியில் வைத்திருந்த வயர் பற்றவைக்கும் கோலையும் ஈயச் சுருளையும் எட்டு எல்.இ.டி. இருந்த பொட்டலத்தையும் துணிப்பைக்குள் போட்டாள்.

"எங்கம்மா போற? பல்பு?"

"பல்ப நான் தொட்டுட்டேன் மாமா. உங்களுக்கு ஆகாது."

"இந்தா, வெளாடாத. மணி ஆவுது. சாவி வேணுமா வேணாமா?"

"வேணாம்."

"அப்பறம் புள்ளைங்கள எங்க வச்சுப் படிக்க வைப்ப? மரத்தடியிலயா?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். வீட்டு முன்னறையில் கிடக்கும் தையல் மிஷினை அடுப்படிக்கு நகர்த்தினால் ஆறு பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம். அம்மா ஒரு வாரம் கத்துவாள், கத்தட்டும். பின்னால் யுகேந்திரன், "அக்கா, அக்கா, ஒரு நிமிசம்லா!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். தேவமலர் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தாள்.