தக்கையில் இருந்த வருஷம்

மோந்தராய் திராட்சைத் தோட்டத்தின் சரித்திரத்தைச் சில்வியான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறாள். நிலவறையின் கோடியில், போர் முடிந்ததும் அப்பா இடித்த சுவர் ஒன்று பாதியாய் நிற்கும். ஒயின் குடிக்க வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய், "சண்டையில ஜெர்மன்காரன் பிரான்ஸுக்குள்ள வர்றான்னு தெரிஞ்சதும் எங்க தாத்தா இந்தச் சுவரை எழுப்பி, இருபத்தொன்பதாம் வருஷத்து உசத்தி ஒயினைப் பின்னாடி ஒளிச்சு வச்சாரு" என்பாள். கூட்டம் 'ஆகா' என்னும். அந்த 'ஆகா'வைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவளுக்கு முழங்கால் வலிக்கிறது.

போதும் போதும் என்று ஆகிவிட்டது. கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆர்க்கஷோன் கடற்கரையில் மகள் ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். தோட்டத்தை வாங்கப் போர்தோவிலிருந்து லகார்த் என்ற வியாபாரி வந்து போய்க்கொண்டிருந்தார். திராட்சைக்கொடிகள் மேல் அவருக்குப் பெரிய ஆசை இல்லை. இந்த மெதோக் வட்டாரம் முழுக்க அதுதான் கிடக்கிறது, ஒயின் விலை போகாமல் பாதிப்பேர் வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு வேண்டியது அந்தச் சுவரும், அதன் பின்னால் கிடைத்ததில் உடையாமல் மிஞ்சிய சில பாட்டில்களும்தான்.

"தக்கையெல்லாம் நைஞ்சுபோச்சு மதாம், புதுசு போட்டு வைங்க. நான் வந்து பார்த்துட்டு அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு கோடைக்கு மட்டும் நீங்க கூட இருந்து கதையைச் சொல்லுங்க. உங்களை மாதிரி யாருக்கும் சொல்ல வராது" என்று சொல்லியிருந்தார்.

பழைய ஒயினுக்குத் தக்கை மாற்றுவதென்றால் ஒரு பாட்டிலைப் பலி கொடுக்க வேண்டும். நாளாவட்டத்தில் ஒயின் வற்றிக் குறைந்துபோன மற்ற பாட்டில்களை அதே வருஷத்து ஒயினால்தான் நிரப்பலாம். அந்த ஒரு பாட்டிலைத் திறக்க இத்தனை காலம் யாருக்கும் மனம் வந்ததில்லை. இன்று காலை தம்பி ஃபிர்மேன் திறந்தான். தோட்டத்தை விற்பதில் அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசுகிற பழக்கமும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு சரி.

தக்கை பிய்ந்து பிய்ந்து வந்தது. அவன் அதைத் துடைத்து விளக்கடியில் பிடித்தான்.

"அக்கா, இங்க வந்து பாரு."

தக்கையின் பக்கவாட்டில் தோட்டத்தின் பெயரும் வருஷமும் சுட்டுப் பொறிக்கப்பட்டிருந்தன. லேபிளில் 1929. தக்கையில் 1931.

"இன்னொண்ணைத் திறடா."

அதிலும் முப்பத்தொன்றுதான். விடாமல் மழை பெய்து பழமெல்லாம் அழுகிய வருஷம். மெதோக்கில் இன்றைக்கும் அந்த வருஷத்தைச் சாவுவீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சில்வியான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். புளித்தண்ணீர்.

ஃபிர்மேன் பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"எதுக்குடா இளிக்கிற?"

"தாத்தா லேபிளை மாத்தி ஒட்டியிருக்காருக்கா! ஜெர்மன்காரன் கண்ல படணும்னுதான் சுவரே கட்டியிருக்காரு. அவன் இடிச்சு, பெரிசா கண்டுபிடிச்சுட்டோம்னு இந்தக் கழிசடையைத் தூக்கிட்டுப் போகட்டும்னு. அவன் இந்த நிலவறைப் பக்கம் வரவே இல்ல. சண்டை முடியறதுக்குள்ள தாத்தாவும் போய்ட்டாரு, யார்கிட்டயும் சொல்லாம. ஏமாந்தது நாமதான்!"

"அப்போ நிஜமான இருபத்தொன்பது எங்க?"

கேட்டு முடிக்கும்போதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. தாத்தா முப்பத்தொன்று என்று லேபிள் ஒட்டிச் சுவருக்கு வெளியே அடுக்கியிருந்ததையெல்லாம் அப்பா அறுவடைக்கு வந்த ஆட்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார். அவர்கள் அதைச் சூப் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதோடு ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு, "முதலாளி, உங்க மட்டச் சரக்கே இவ்வளவு ஜோரா இருக்கே!" என்பார்களாம். கிண்டல் செய்கிறார்கள் என்று அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமாம்.

சில்வியானுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வீட்டு அறைதான் கண்முன் வந்தது.

ஃபிர்மேன் சிரிப்பை நிறுத்தினான். புதுத் தக்கைகள் இருந்த பையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "இதுல எல்லாம் இருபத்தொன்பதுன்னுதான் சுட்டு வந்திருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு, அடிச்சுடறேன். பழசை அடுப்புல போட்டா முடிஞ்சுது."

"விக்கக் கூடாதுன்னு மூஞ்சியைத் தூக்கிட்டு அலைஞ்சவன் நீ. நீயாடா இதைச் சொல்ற?"

"நீ படிக்கட்டு ஏறும்போது விடற மூச்சு என் ரூம் வரைக்கும் கேக்குது. எனக்குத் தாங்கலக்கா."

அவள் பையைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை.

அதற்குள் லகார்த் வந்துவிட்டார். சில்வியான் எதையும் மறைக்கவில்லை. தக்கையைக் காட்டினாள், குவளையை நீட்டினாள். அவர் குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"மதாம், என் காதுல எதுவும் விழல. நான் தோட்டத்தைச் சுத்திட்டு வரேன். திரும்பி வரும்போது புதுத் தக்கை போட்டிருந்தா கையெழுத்து. இல்லேன்னா எனக்கு இங்க வேலை இல்ல."

அவர் திரும்பி வந்தபோது சில்வியான் தொட்டித் தண்ணீரில் பாட்டில்களை ஊறப்போட்டு, நகத்தால் லேபிள்களை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதாம் இது? ஒரே ஒரு கோடைதானே?"

"முசியே லகார்த், இன்னிக்குக் காலை வரைக்கும் அந்தக் கதையை நான் நம்பிச் சொன்னேன். நம்பிச் சொன்னதுக்கே இவ்வளவு அசதி. இனிமே அது பொய். பொய் சொல்றதுக்குத் தெம்பு வேணும். என்கிட்ட இல்ல."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கார் சத்தம் தேய்ந்ததும் சில்வியான் ஈரக் கையோடு உட்கார்ந்து அழுதாள். கடலும் போயிற்று, அறையும் போயிற்று. தோட்டம் பழையபடி அவள் தலையில்தான். மத்தியானம் ஒயின் குடிக்க ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நீ போய்ப் படு. நான் சொல்லிக்கிறேன்" என்றான் ஃபிர்மேன்.

"நீயா? நாலு பேர் வந்தா பீப்பாய்க்குப் பின்னாடி ஒளியறவன்."

"அது அந்தக் கதைக்கு. இந்தக் கதை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். பட்டப்பகலில் படுத்து எத்தனையோ காலம். கண் சொருகும்போது கீழே ஃபிர்மேன் தக்கைக் கதையைச் சொல்வது கேட்டது. திக்கினான், தாத்தாவின் பெயரைத் தப்பாகச் சொன்னான், சண்டை முடிந்த வருஷத்தையும் மாற்றிச் சொன்னான். யாரும் 'ஆகா' என்னவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறங்கிப்போய்த் திருத்த வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, தூங்கிவிட்டாள்.