கதவுப் படம்

தடாலென்று ஒரு சத்தம். சவப்பெட்டியின் முனை வாசல் கதவில் மோதியதில், வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள்.

"எவன்ப்பா ஒத்தக் கதவச் சாத்தி வச்சது? ரெண்டையும் நல்லாத் தொறங்க!" என்று தெருவிலிருந்து கத்தினான், பெட்டி செய்து கொண்டுவந்த ராயப்பராஜ்.

ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்துபோய் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். காத்திருந்தாற்போல ஆடிக்காற்று புழுதியோடு உள்ளே நுழைந்தது. நேற்று மத்தியானமும் இதே காற்றுதான். நேற்று இந்தக் கதவை அடைத்தது அவன்தான். அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கட்டிலில் வெள்ளைக் கவுன் போட்டுக் கிடத்தியிருந்தார்கள் அவன் தங்கை ஜெயமேரியை. பதினேழு வயது. மூச்சுத் திணறி, நீலம் பாரித்துப் பிறந்த பிள்ளை. கையும் காலும் அவள் சொன்னபடி ஒருநாளும் கேட்டதில்லை. நாக்கும் அப்படித்தான். உட்கார வைத்தால் உட்காருவாள், படுக்க வைத்தால் படுப்பாள். அவ்வளவுதான் அவள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. ஸ்தனிஸ்லாசும்தான்.

ஐம்பத்தொன்பதாம் வருசம் அவனைக் கட்டிக்கொண்டு வந்த ஆரோக்கியம்மாள் மட்டும் அதற்கு ஒப்பவில்லை. அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர்.

"அவளுக்கு அம்புட்டும் புரியுதுங்க. வெளிய வரத்தான் வழியில்ல" என்றாள். தேயிலைப் பெட்டியின் பலகையை இழைத்து, பன்னிரண்டு கட்டம் போட்டு, கட்டத்துக்கொரு படம் வரைந்தாள். சோறு, தண்ணீர், பாய், சூரியன்... நடுங்குகிற கை அடுத்த கட்டத்துக்கு வழுக்கிவிடாமலிருக்க, நடுநடுவே மூங்கில் சிம்பைச் சட்டமாக அடித்தாள். படத்துக்குக் கீழே சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். அவற்றை முஷ்டியால் தடவித் தடவியே ஜெயமேரி எழுத்துப் பழகினாள். அட்டையில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, அதைப் புத்தகத்தின்மேல் நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் தெரியும். அப்படித்தான் வாசிக்கவும் தொடங்கியிருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வேலை முடிந்து வந்ததும் எட்டிப் பார்த்துச் சிரிப்பான். "என்ன, மதினியும் நாத்தனாரும் தாயம் ஆடுறீங்களா? செயிச்சது யாரு?"

"கேலி பண்ணாம நீங்களும் ஒரு நா உக்காந்து கத்துக்கங்க. நான் பள்ளிக்கூடம் போயிருக்கப்ப ஒதவும்."

"இதுல கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? படத்தப் பாத்தாத் தெரியாதா?"

இப்போது அந்தப் பலகை ஆரோக்கியம்மாளின் மடியில் கிடந்தது. பக்கத்தில் எதிர்வீட்டுக் கமர்ஜஹான். அவள் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. தன் மகளுக்கும் இதேபோல் ஒரு பலகை செய்து தரச்சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எதையும் கேட்டாளாக்கா?"

"அவருதான் கூட இருந்தாரு. ஒண்ணுமே கேக்கலையாம். தூக்கத்துலயே போயிட்டாளாம்." ஆரோக்கியம்மாள் பலகையைத் தடவினாள். "அதுதான் எனக்கு ஆறல கமர். அவளுக்கு அடிக்கடி நெஞ்சு அடைக்கும். அதுக்குன்னே ஒரு படம் இருக்கு. இந்தா, இது."

"இது கதவுல்ல? கதவ அடைங்கன்னு சொல்றதுக்குன்னுல்ல நெனச்சேன்!"

"நெஞ்சு அடைக்கிறத எப்பிடி வரையிறது? அடைச்ச கதவ வரைஞ்சேன். அதத் தொட்டாள்னா கதவு சன்னல் எல்லாத்தையும் தொறந்துவிட்டு, தூக்கி உக்கார வச்சு முதுகத் தடவுவேன். செத்த நேரத்துல சரியாயிரும்."

கதவோரம் நின்ற ஸ்தனிஸ்லாசின் காதிலும் அது விழுந்தது.

நேற்று ஆரோக்கியம்மாள் பள்ளிக்கூடம் போயிருக்க, அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பலகையில் முஷ்டி இடித்த சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கதவுப் படம். புழுதி பிள்ளையின் கண்ணில் விழுகிறது போலிருக்கிறது என்று எழுந்துபோய்க் கதவை அடைத்தான். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் கதவுப் படம். "சரி சரி, சன்னலையும் அடைக்கிறேன். மகாராணி உத்தரவு!" என்று சிரித்துக்கொண்டே அடைத்தான். அப்புறம்... அப்புறம் நடந்ததை அவனால் நினைக்க முடியவில்லை.

"சாகப்போற நேரத்துல அதத் தொடணும்னு அவளுக்குத் தோணலையே" என்றாள் ஆரோக்கியம்மாள். "மூணு வருசமா நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?"

"அப்ப எம் மகளுக்கு...?"

"வேணாம் கமர். ஆபத்துக்கு ஆகாத பலகை. இத நம்பி ஒரு பிள்ளைய விட்டுட்டுப் போனேன்ல, அது போதும்."

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் ராயப்பராஜ் தோளைத் தொட்டு, "மாப்ள, கோயில்ல சாமியார் காத்திருக்காரு. பெட்டியில வச்சிருவோமா?" என்றான்.

தலை தானாக ஆடியது. நாலு பேர் தூக்கிப் பெட்டியில் கிடத்தினார்கள். "யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காமப் போயிட்டாளே, புண்ணியவதி" என்றாள் ஒருத்தி. "அண்ணங்காரன் பக்கத்துலயே இருந்தான்ல, அந்த மட்டும் குடுத்துவச்சவ" என்றாள் இன்னொருத்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊர் அவனை நல்ல அண்ணன் என்றே சொல்லும்.

ஆரோக்கியம்மாள் எழுந்து வந்தாள். பலகையைப் பிணத்தின் காலடியில் செருகினாள். "இதுவும் போகட்டும்." கமர்ஜஹானின் கை தடுப்பதற்காக நீண்டு, பாதியிலேயே முந்தானைக்குள் போய்விட்டது.

ராயப்பராஜ் மூடியைத் தூக்கிக் கவிழ்த்தான். ஸ்தனிஸ்லாசின் கை பெட்டிக்குள் இருந்தது.

"ஏலே, கைய எடு! நசுங்கிரப் போவுது."

அவன் எடுக்கவில்லை. அவன் பார்த்தது மனைவியை மட்டுந்தான்.

"அவ கேட்டா, ஆரோக்கியம். சரியாத்தான் கேட்டா. மொதத் தடவ கதவ அடைச்சேன், ரெண்டாந்தடவ சன்னல அடைச்சேன்... மூணாந்தடவ, சும்மா இருக்க மாட்டியான்னு பலகையப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சிட்டேன்."