வேலிப் பொட்டு

பந்தியில் இருந்தவர்கள்: மிஷனைப் பார்வையிட அமெரிக்காவிலிருந்து வந்த துரை. ஏழு வருடமாக யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பக்கம் ஊழியம் செய்யும் எல்வுட் பாதிரியார். சபை மூப்பர் சாமுவேல் தம்பிராசா. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர், அதற்கு முன்னும் பின்னும் வேளாளர். மிஷன் பள்ளிக்கூடத்துப் புது வாத்தியார் யோசுவா. தகப்பன் பனை ஏறுகிறவர். அடுத்த வளவு நமசிவாயம். புகையிலைத் தோட்டக்காரர், சைவர், ஆங்கிலம் தெரியாதவர்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருத்துவதா என்று குடாநாடு அடிபட்டுக்கொண்டிருந்த 1929ஆம் வருடம் அது. எல்வுட்டின் சபையில் சமத்துவம் இருக்கிறதா என்று பார்க்கவே துரை வந்திருந்தார். இல்லையென்றால் எல்வுட்டைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் அவருடைய ஊரில் அவருக்காக இருந்தவை பனியும், தமையனின் சப்பாத்துக் கடையும்தான். அங்கே அவர் கடைச் சிப்பந்தி. இங்கே அவரைக் கண்டால் வண்டிகள் ஒதுங்கும். கர்த்தர் தம்மை அழைத்தது யாழ்ப்பாணத்துக்கே என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. பின்னேரங்களில் பாதிரியார் அதற்குள்ளால் நமசிவாயத்தின் முற்றத்துக்கு வருவார். முதல் வருடம் அவர் இயேசுவைப் பற்றிச் சொன்னார். நமசிவாயம் புகையிலைப் புழுவைப் பற்றிச் சொன்னார். ஒருவரை ஒருவர் மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு சிநேகிதம் சுகமாக நடந்தது. மூக்குப்பேணியை உதட்டில் முட்டாமல் உயர்த்தித் தேநீரை வாயில் ஊற்றப் பாதிரியார் பழகினார். பழகும்வரை பாதித் தேநீரை அவருடைய சட்டையே குடித்தது.

துரைக்குக் காட்ட எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்தும் விருந்துக்கு எல்வுட் பயந்தது நமசிவாயம் ஒருவருக்குத்தான். சைவச் சமையற்காரனைப் பிடித்து, புதுப் பானை சட்டி வாங்கி, மாமரத்தடியில் அடுப்பு மூட்டினார். நமசிவாயம் ஒளிக்காமல் சொன்னார்.

"என்ரை வீட்டிலை எண்டால் யோசுவாவை இருத்தமாட்டன். இது உங்கடை வீடு. உங்களுக்காக ஒரு நேரம் இருந்து சாப்பிடுறன். பிறகு போய்க் குளிப்பன்."

இதைவிட நேர்மையான பதிலைப் பாதிரியார் தம் சபையில் யாரிடமும் கேட்டதில்லை. மூப்பரிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. மூப்பர் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லவா.

தரையில் பாய் விரித்து, ஒரே வரிசையில் தலைவாழையிலை போட்டார்கள். நமசிவாயம் இலைக்குத் தண்ணீர் தெளித்து, முதல் பிடி சோற்றையும் வாயில் வைத்துவிட்டார். யோசுவா பரிமாற வந்திருக்கிறான் என்றுதான் மூப்பர் நினைத்திருந்தார். அவன் பக்கத்து இலையில் வந்து குந்தியதும் எழுந்துவிட்டார்.

துரை காரணம் கேட்டார். மூப்பர் நல்ல ஆங்கிலத்தில், துக்கமான முகத்தோடு, விளக்கினார். இந்த அஞ்ஞானி நமசிவாயம் யோசுவாவோடு இருந்து சாப்பிடமாட்டாராம்; விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக யோசுவாவைத் தாம் பின்னால் சமையல் நடக்கும் குசினிப்பக்கம் கூட்டிப்போகிறாராம்.

துரை பாதிரியாரைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் மூப்பரின் சாதிக்காரர் விலகி, அடுத்த ஞாயிறு சபையில் பாதி வாங்கு காலியாகும். பிறகு சப்பாத்துக் கடை. எல்வுட் தம் இலையிலிருந்த பருப்பைப் பார்த்தார். தலையாட்டினார்.

யோசுவா இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"துரை ஏன் என்னை உப்பிடிப் பாக்கிறார்?" என்று நமசிவாயம் கேட்டார்.

பாதிரியாருக்கு அந்த நேரம் தமிழ் வரவில்லை. யோசுவாதான் சொன்னான்.

"என்னோடை இருக்க நீங்கள் மாட்டன் எண்டிட்டியளாம், நயினார். மூப்பர் சொன்னவர். பாதிரியாரும் ஓமெண்டிட்டார். எனக்கு இது புதுசில்லை. உங்களுக்குத்தான் புதுசு."

நமசிவாயம் பாயாசம் வரை சாப்பிட்டு, இலையை மடித்து, கை கழுவி, பொட்டுக்குள்ளால் போனார். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மூப்பர் உள்ளே மேசையில் துரையோடு இருந்து அதே சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

துரைக்குப் பரம திருப்தி. அஞ்ஞானம் இவ்வளவு கெட்டியாக இருக்கும் இடத்தில் ஊழியம் கட்டாயம் தேவை. எல்வுட் இன்னும் ஐந்து வருடம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் பின்னேரம் இதைச் சொல்லப் போன பாதிரியார் வேலியில் முட்டிக்கொண்டு நின்றார். பொட்டு இருந்த இடத்தில் புதுத் தென்னோலைக் கிடுகு கட்டியிருந்தது. றோட்டால் சுற்றிப்போய் முன்வாசலில் கூப்பிட்டார்.

நமசிவாயம் கதவைத் திறந்து, கதிரை போட்டார். வெயில் கூடிப்போச்சு என்றார். தேநீர் வந்தது. மூக்குப்பேணியில் அல்ல, அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்களுக்கென்று எடுத்துவைத்திருந்த பூப்போட்ட கோப்பையிலும் பீரிசிலும். பாதிரியார் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். ஐந்து வருடத்தைப் பற்றிச் சொன்னார்.

"நல்லது" என்றார் நமசிவாயம்.

"பொட்டை அடைச்சுப்போட்டியளே."

"ஓம். ஆடு வருகுது."

மிஷன் வளவில் ஆடு கிடையாது. அது இருவருக்கும் தெரியும்.

பாதிரியார் எழுந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, பெரிய மனிதர்களுக்குச் செய்கிற மாதிரி, நமசிவாயம் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"போட்டு வாறன்" என்று விடைபெற்றார் பாதிரியார்.

வாங்கோ என்று சொல்வதுதான் வழக்கம். நமசிவாயம் கும்பிட்டார்.

பாதிரியார் றோட்டில் இறங்கினார். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிறகு பூட்டுக்குள் திறப்புத் திரும்பியது.