விரல் ஜாக்கிரதை

மூத்தவள் அப்பாவின் கழுத்தில் வைத்த இரண்டு விரல்களையும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அது நிஜமாகிவிடும் என்பதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கோட்டையின் உச்சியில், இடிந்த மதிலை ஒட்டிய கல்மேடை அது. தண்ணீர் கேட்டாரே என்று பையில் பாட்டிலைத் தேடித் திரும்பியதற்குள் முடிந்திருந்தது. மதிலில் அந்தக் காலத்தில் அம்பு விடுவதற்கு வைத்த துளைகள் வழியாகக் காற்று உள்ளே வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்வாள். அப்பாவும் இழுத்துப் பிடித்தவர் போலத்தான் சாய்ந்திருந்தார்.

“விடுங்கப்பா,” என்றாள் மெல்ல.

துளைகளில் காற்று விட்டது. அப்பா விடவில்லை.

அவர் லிஃப்ட் ஓட்டியவர். பதினொரு மாடிக் கட்டடம், கையால் இழுத்து மூடும் கம்பிக் கதவு, ஒரு முக்காலி, முப்பத்தாறு வருடம். பதினோராவது மாடியில் கதவைத் திறந்தால் எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் தூரத்தில் இந்தக் கோட்டை. ஆட்கள் ஏறி இறங்கும் நேரம்தான் பார்க்கக் கிடைக்கும். அதற்குள் “விரல் ஜாக்கிரதை” என்று சொல்லிக் கதவை இழுத்துவிட வேண்டும். அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பீரோவை மூடினாலும் சொல்வார், ஃபிரிட்ஜை மூடினாலும் சொல்வார். தெரியும்ங்க, தெரியும்ங்க என்று அம்மா சலித்துக்கொள்வாள். ஆனால் விரலை எடுத்துவிடுவாள்.

ஒரு தடவையாவது அந்தக் கோட்டைக்குள் நின்று பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றுதான் நால்வரும் கிளம்பினார்கள். அப்பா, அம்மா, மூத்தவள், இளையவள். மூங்கிலில் நாற்காலி கட்டித் தூக்கும் டோலியில் போகலாம் என்றதற்கு, ஊரையே ஏற்றி இறக்கியவனை இன்னொருத்தன் தூக்குவதா என்று நடந்தே ஏறினார். படிக்கட்டில் பதினொரு திருப்பம் என்று தெரிந்ததும் குஷியாகிவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மாடியைச் சொன்னார். நாலாவதில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “நாலாவது மாடி, பல் டாக்டர். இறங்கறவங்க இறங்கலாம்,” என்றார்.

“இருக்கறதே நாலு பல்லு. நீங்க மேல போங்க,” என்று அம்மாவும் பின்னாலேயே ஏறினாள்.

ஏறும் முன்பு அடிவாசல் காவலாளி ஒரு கதை சொல்லியிருந்தான். போன மாதம் மேலே ஒருவர் இறந்துபோனாராம். செத்தவரை டோலிக்காரர்கள் தொடமாட்டார்கள். எழுதி வாங்க வேண்டிய போலீஸ்காரர்கள் மறுநாள்தான் வந்தார்கள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். அப்பா சிரித்தார். ஒரு ராத்திரி கோட்டைக்கே ராஜாவாக இருந்திருக்கிறார் என்றார். அம்மா மட்டும், அவர் மனைவி என்ன செய்தாள் என்று கேட்டாள். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை என்றான் காவலாளி. வேறு என்ன செய்வாள் என்பதுபோல அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்தத் தலையாட்டல்தான் இப்போது மூத்தவளை எழுப்பியது. அம்மா போன குளிரில் நிமோனியாவில் கிடந்து எழுந்தவள். அந்த நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தவளே இவள்தான். விஷயம் தெரிந்தால் மேலே ஏறி வந்து, இந்தக் காற்றில், இந்தக் கல்லில் உட்காருவாள். யார் சொன்னாலும் எழுந்திருக்கமாட்டாள். நல்லவேளை, முட்டிவலிக்காரி மெதுவாக இறங்கட்டும் என்று இளையவள் அவளை முன்பே அழைத்துப் போயிருந்தாள். மணி ஐந்தே கால்.

தன் கறுப்புக் கண்ணாடியை அப்பாவுக்கு மாட்டினாள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றித் தாடையோடு கட்டினாள். பிறகு போய், தானியக்கிடங்கின் வாசலில் காலையிலிருந்து சவாரிக்குக் காத்திருந்த இரண்டு டோலிக்காரர்களைக் கூப்பிட்டாள். அப்பாவுக்குத் தலைசுற்றல், மாத்திரை கொடுத்திருக்கிறேன், அசந்து போயிருக்கிறார் என்றாள். சொல்லும்போது குரல் பிசகாமல் இருந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

முன்னால் பிடிப்பவர் வயதானவர், வாயாடி. பின்னால் பிடிப்பவர்தான் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார். வைத்துவிட்டு ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். இடுப்போடு சேர்த்துத் துண்டைக் கட்டினார்.

“ஒவ்வொரு திருப்பத்துலயும் இருக்கீங்களான்னு கேப்பேன்,” என்றார் முன்னவர். “இருக்கேன்னு பதில் வரணும். தூங்கிட்டா ஆளு ஒரு பக்கமா சாயும். நாங்களும் சேர்ந்து உருளுவோம். பதில் வரலைன்னா இறக்கி வெச்சிடுவேன்.”

“தொண்டை கட்டியிருக்கு. அவருக்கு நான் சொல்றேன்.”

“அப்ப கையைப் புடிச்சிக்கிட்டே வாங்க. அவரு இருந்தாத்தான் இருக்காருன்னு சொல்லணும்.”

முதல் திருப்பம் வந்தது. “இருக்கீங்களா?”

“இருக்காரு,” என்றாள். கைக்குள் அப்பாவின் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அடுத்த திருப்பத்திலும் சொன்னாள். மூங்கில்கள் கிறீச்சிட்டன. வெயில் மதிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியின் நிழல் பாறைமேல் நீண்டு வந்தது. அப்பாவின் தலை நிழலில் ஆடியது, ஆமாம், ஆமாம் என்று. இருக்காரு. இருக்காரு. சொல்லச் சொல்ல அந்தக் கை குளிர்ந்துகொண்டே வந்தது.

கீழிருந்து நாலாவதான திருப்பத்தில் மரங்கள் விலகி அடிவாசல் தெரிந்தது. வாசலை ஒட்டிய கல்லில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காரை எடுத்துவர இளையவள் போயிருக்க வேண்டும். அம்மா டோலியைப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். பதிலுக்காகக் கையைத் தூக்கியபடியே வைத்திருந்தாள். மூத்தவள் அப்பாவின் கையைத் தன் கையோடு உயர்த்தி மெல்ல ஆட்டினாள். அம்மா கையை இறக்கிக்கொண்டாள்.

“இருக்கீங்களா?”

அவளுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்து மூடினாள். இதோ இறக்கி வைத்துவிடப்போகிறார், கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கப்போகிறார் என்று நின்றாள்.

“ம், சரி,” என்று முன்னவர் நடந்தார்.

பின்னவர்தான் தனக்காகப் பதில் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. தூக்கி வைக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நன்றியோடு திரும்பிப் பார்த்தாள். அவர் படியைப் பார்த்தே வந்தார். மூன்றாவது திருப்பத்திலும் அவள் பேசவில்லை. முன்னவர் கேட்டார், ஒரு நொடி செவி கொடுத்தார், சரி என்றார். இரண்டாவதிலும் கடைசியிலும் அப்படியே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததோடு சரி.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வாசலைத் தாண்டி, வெளியே விளக்குக் கம்பத்தடியில் இறக்கினார்கள். படியில் நழுவியிருந்த அப்பாவின் செருப்பைப் பின்னவர் குனிந்து காலில் சரியாக மாட்டிவிட்டார். துண்டை அவிழ்க்காமல் விட்டார். மூத்தவள் அவர் பக்கத்தில் போய், பதில் சொன்னதற்கு ரொம்ப நன்றி என்றாள், மற்றவர் காதில் விழாதபடி. அவர் அவள் உதடுகளையே பார்த்தார். பிறகு தலையை இடவலமாக ஆட்டினார்.

“அவன்கிட்ட என்ன பேசறீங்க?” என்றார் முன்னவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “அவனுக்குப் பொறந்ததுல இருந்தே காதும் கேக்காது, பேச்சும் வராது.”

அவள் டோலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னீங்க, அப்புறம் நல்லாத்தானே பேசிக்கிட்டு வந்தாரு? இருக்கேன்னு சொல்லச் சொன்னா, என்னமோ பல் டாக்டர்ன்றாரு. அப்புறம் ஒவ்வொரு திருப்பத்துலயும் இறங்கறவங்க இறங்கலாம், இறங்கறவங்க இறங்கலாம்னு. யாரைம்மா இறங்கச் சொல்றாரு?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் பீடியை எடுக்கப் போய்விட்டார்.

கார் இன்னும் வரவில்லை. அம்மா கல்லைவிட்டு எழுந்து வெளியே வந்திருந்தாள். முட்டி தாங்காமல் வாசலின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, டோலியைப் பார்த்தாள்.

“தூங்கறாரா?”

“ம்.”

“ஏறும்போதே சொன்னேன், கேட்டாத்தானே.”

காரில் ஏற்றியதும் சொல்லிவிட வேண்டும் என்று மூத்தவள் நினைத்தாள். இல்லை, வீட்டுக்குப் போனதும். உள்ளேயிருந்து காவலாளி யாரோடோ பேசியபடி வந்தான். அம்மா நிற்பதை அவன் கவனிக்கவில்லை. அம்மாவும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவளுடைய நாலு விரல்களும் மடங்கும் கம்பிகளுக்கு நடுவே இருந்தன. அவன் கதவை ஓங்கி இழுத்தான்.

அதற்கு ஒரு நொடி முன்பு அம்மா விரல்களை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“தெரியும்ங்க,” என்றாள் சலிப்போடு, நாற்காலியைப் பார்த்து. “எடுத்துட்டேன்.”

கம்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சாத்திக்கொண்டன.