பொறுக்கிக் கொடுத்த துண்டுகள்

முதுகில் தட்டியாயிற்று. மூக்கைப் பொத்தியாயிற்று. சர்க்கரையை நாக்குக்கு அடியில் வைத்தாயிற்று. மர்வோதோவின் விக்கல் நின்றபாடில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துக் கதையை முடித்திருக்கலாம். சிறுநீரகம் கைவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தத்தைக் கழுவிக்கொள்கிற மனிதருக்குத் தண்ணீரும் மருந்து மாதிரி அளந்துதான். சுதார்னி கடைசியில் ஒரு நூல் துண்டை எச்சிலில் நனைத்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல, கணவரின் நெற்றியில் ஒட்டினாள்.

"பேரப்பிள்ளைக்கு முந்தி... எனக்கா?" என்றார் அவர், இரண்டு விக்கலுக்கு நடுவே. "ஸ்டாம்பு மாதிரி நல்லா அழுத்தி ஒட்டு. தபால்ல போட்டுடலாம்."

"உங்களை எந்த ஊர்க்காரன் வாங்குவான்? பேரம் பேசாம திருப்பி அனுப்பிடுவான்."

இருவரும் சிரித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய விக்கல். மகள் நிகேனுக்கு ஏழாம் மாதச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முதல் விக்கல் வந்தது. தேங்காய்ப்பால் சோற்றைக் கூடுதலாகத் தின்றிருப்பார் என்று நினைத்தாள். காலையில் வெளிச்சம் வந்த பிறகும் அது விடாமல், கடிகாரம்போல் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் இது சோற்று விக்கல் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

மர்வோதோ அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

முப்பது வருடம் சோலோவுக்கும் செமாராங்குக்கும் பஸ் ஓட்டியவர். அந்தக் கேலியை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். "எடுத்தாச்சு, ஜன்னல் சீட்டு," என்றாள்.

"எங்க எறங்கணும், அம்மா?"

அவர் சிரிக்கவில்லை. அவளை அவர் ஒரு நாளும் 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. யாரோ ஒரு பயணியைப் பார்ப்பதுபோல, மரியாதையோடு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

சுதார்னி எழுந்து மருமகனைக் கூப்பிட்டாள்.

மருமகன் பக்யோ இரவல் வாங்கிய வண்டியில், மாமனாரின் தலை அவள் மடியில் குதித்துக் குதித்து விழ, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நிகேனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டாள். "நீ வேணாம்டி" என்று தடுக்க யாருக்கும் நேரமில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தலைத்துணியை இறுக்கிச் செருகிக்கொண்டே கேள்வி கேட்டாள். நிகேன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"சோறு. கோழி, உப்பில்லாம தனியா பண்ணினது. மகளுக்கு ஏழாம் மாசம், அதனால ருஜாக் பண்ணினோம்."

"பழக்கலவையா? இவருக்கா? என்னென்ன பழம்?"

சுதார்னிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. பெரிய சந்தையில் பழக்கடை வைத்திருப்பவள் அவள். நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவளுக்கா தெரியாது? "வாழைப்பழம் குடுக்கல. மாங்காய், பம்ப்ளிமாஸ், அன்னாசி எதுவும் அவர் வாயில படல. பெலிம்பிங், அதான் நட்சத்திரப் பழம், அது மட்டும் தனியா பொறுக்கி எடுத்துக் குடுத்தோம். அது ரத்தக் கொதிப்புக்கு நல்லது பாருங்க..."

டாக்டரின் கை நின்றது.

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம்."

டாக்டர் பின்னால் திரும்பி நர்சிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேர் ஓடினார்கள். பிறகு இவளிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சந்தையில் விலையைக் காதோடு சொல்வதுபோலச் சொன்னாள்: "அம்மா, அது நல்ல கிட்னி இருக்கறவங்களுக்கு. அதுல ஒரு நஞ்சு இருக்கு. நமக்கெல்லாம் மூத்திரத்துல போயிடும். இவருக்குப் போக வழியில்ல, நேரா மூளைக்கு ஏறுது. விக்கல்தான் மொத அடையாளம். உள்ள செவுத்துல பெருசா எழுதி மாட்டியிருக்கோமே, நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை. இயந்திர அறைக்குள் நோயாளியைத் தவிர ஆளை விடமாட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவரை வாசலில் இறக்கிவிட்டு, முதல் கிராக்கி போய்விடக் கூடாதே என்று நேரே கடைக்கு ஓடுவாள்.

கடையில் அவள் கூவுவது சந்தை முழுக்கப் பிரசித்தம்: 'குறுக்கே வெட்டினா நட்சத்திரம், குடிச்சுப் பாத்தா கொதிப்பு தரைமட்டம்!' கூடை கூடையாக விற்றிருக்கிறாள். ஊரே சொல்வதுதான். அவள் அம்மாவும் அப்படித்தான் விற்றாள்.

"யாரு ஊட்டினது?" என்று டாக்டர் கேட்டாள். வேறு எதற்காகவும் இல்லை, எத்தனை துண்டு என்று தெரிந்துகொள்ளத்தான்.

சுதார்னி கண்ணாடிக் கதவைப் பார்க்காமல் இருக்க, டாக்டரின் சட்டைப் பொத்தானையே பார்த்தாள். "நான்தான்," என்றாள்.

அது உண்மையில்லை. கல்லில் மிளகாயும் பனைவெல்லமும் புளியும் வைத்து இடித்தது நிகேன். பழம் நறுக்கியது நிகேன். ஏழாம் மாத ருஜாக்கைப் பிள்ளைத்தாய்ச்சிதான் தன் கையால் பண்ண வேண்டும். தின்று பார்த்துக் காரம் என்றால் பெண், சப்பென்று இருந்தால் ஆண். கூட்டமே சுற்றி உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'அப்பா சொல்லட்டும், அப்பா சொன்னாத்தான் நான் நம்புவேன்' என்று நிகேன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். சுதார்னிதான் அடுப்படியிலிருந்து கத்தினாள்: 'அடியே, மத்ததெல்லாம் வேணாம், பெலிம்பிங்க மட்டும் பொறுக்கிக் குடு!' நிகேன் கலவையிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரமாகப் பொறுக்கி, போதாதென்று இரண்டு பழத்தைப் புதிதாக நறுக்கிப் போட்டு, அப்பாவுக்கென்று தனிக் கிண்ணம் நிரப்பினாள்.

"டாக்டரம்மா," என்றாள் சுதார்னி. "ஒண்ணு கேக்கறேன். எம்பொண்ணு கேட்டா கிட்னின்னு சொல்லுங்க. அவ வயித்துல ஏழு மாசம்."

டாக்டர் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "கிட்னிதான். பொய்யில்ல அது."

இயந்திரத்தில் போட்டார்கள். நடுவிலேயே வலிப்பு வந்தது. சாயங்காலத் தொழுகை அழைப்பு கேட்டுக்கொண்டிருக்கும்போது விக்கல் நின்றது. சுதார்னி அந்த விக்கலைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே நின்றாள். நின்றதும், மூச்சும் நின்றுவிட்டது என்று தெரிவதற்குள், ஒரு கணம் 'அப்பாடா' என்று இருந்தது. அந்த ஒரு கணத்தை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வீடு நிறைந்துவிட்டது. முந்தாநாள் சடங்குக்குப் போட்ட பந்தலைப் பிரித்திருக்கவில்லை. அதே பந்தல், அதே வாடகை நாற்காலி. அதே அண்டை வீட்டுப் பெண்கள் அதே அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரன் எதற்குக் கூட்டினாலும் கூடுகிற கூட்டம்.

அடுத்த வீட்டு துக்கியெம் அலமாரிக்குக் கீழே இருந்து கூடையை இழுத்தாள். "அக்கா, பெலிம்பிங் இவ்வளவு மிச்சம் கெடக்கே. நறுக்கி வெக்கட்டுமா? தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்குத் தொண்டைக்கு இதமா..."

"வை கீழ!"

வெங்காயம் உரித்த கைகள் நின்றன. சுதார்னி குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள். "அது கடைச் சரக்கு. ஆள் வந்து எடுத்துட்டுப் போவான்."

"சாவு வீட்டுலயும் யாவாரத்த மறக்கல பாரு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சொல்லட்டும் என்று இருந்தது. கஞ்சப்பிசினாறி என்ற பட்டத்தை அன்றைக்கு யார் கொடுத்திருந்தாலும் இரண்டு கையால் வாங்கியிருப்பாள்.

கூடத்தில் அவர் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய அக்கா பார்மி, எழுபது வயதிலும் வெண்கலத் தொண்டை. "முந்தாநாள் எவ்வளவு சிரிச்சான்! 'காரம்! காரம்! பொண்ணுதான்!'னு கத்தினானே! கண்ணுலேர்ந்து தண்ணி வரச் சிரிச்சானே! அப்படி என்னத்தத் தின்னான் எந்தம்பி? என்னத்தத் தின்னான்?"

ஒப்பாரிக் கேள்விதான். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிகேன் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். சுதார்னி குறுக்கே வந்தாள். "அண்ணி, தண்ணி குடிங்க, தொண்ட கட்டிடும்," என்று டம்ளரை நீட்டினாள். பார்மி குடித்தாள். குடிக்கும் நேரம்வரை நிம்மதி.

அப்போதுதான் ஓர் ஆள் வந்தார். மெலிந்த உடம்பு, முழங்கைக்கு உள்பக்கம் கயிறு மாதிரிப் புடைத்த நரம்பு. மர்வோதோவுக்கும் அதேபோல் உண்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இயந்திர அறையில் அடுத்த படுக்கைக்காரர். சுகிமான் என்று மர்வோதோ அடிக்கடி சொல்வார்: 'எனக்கு ஒரு கண்டக்டர் கெடச்சிருக்கான்.'

சுகிமான் நிகேனுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தார், மர்வோதோ ஐயா," என்றார். "என்னம்மா ஆச்சு திடீர்னு?"

"விக்கல் வந்துச்சு," என்றாள் நிகேன். "நிக்கவே இல்ல."

சுகிமான் முகம் மாறியது. "விக்கலா? விக்கலா வந்துச்சு?"

"ஆமா. ஏன்? விக்கல்னா என்ன?"

சுதார்னி கூடத்தின் அந்தக் கோடியில் தேநீர்த் தட்டோடு நின்றாள். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த முடியாது. நடுவில் மடக்கிய கால்கள், பிணம், ஊதுவத்தி. அவள் செய்யக்கூடியது ஒன்றுதான், அவரைப் பார்த்தாள். சந்தையில் பொய் விலை சொல்லும்போது பக்கத்துக் கடைக்காரியை 'காட்டிக் கொடுக்காதே' என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

சுகிமான் அவளைப் பார்த்தார். நிகேனின் வயிற்றைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "எங்க ஆளுங்க எல்லாருக்கும் வர்றதுதான். மெஷின்ல படுத்தா வரும். எனக்கும் வரும். போற காலம்னா விக்கல் ஒரு சாக்கு."

பிறகு சுகிமான் பின்கட்டுக்குக் கைகழுவ வந்தார். கிணற்றடியில் சுதார்னி தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"பெலிம்பிங்தானே?" என்றார் மெல்ல.

தலையாட்டினாள். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது..."

"அவருக்குத் தெரியும்."

வாளி அவள் கையிலிருந்து நழுவிக் கிணற்றுச் சுவரில் மோதியது.

"நான் புதுசா சேர்ந்தப்ப அந்த போர்டக் காட்டிச் சொன்னதே அவர்தான். 'என் பொண்டாட்டி விக்கிற சரக்கு. நீ வாங்கிட்டுப் போயிடாத, நமக்கு எமன்'னு சிரிச்சார். 'வீட்டுல சொல்லலியா'ன்னேன். 'சொன்னா பயந்துகிட்டு விக்கிறதையே நிறுத்திடுவா, அவ கூவுறத கேக்காம எனக்குப் பொழுது போகாது'ன்னார்."

சுதார்னிக்கு அந்தக் கிண்ணம் கண்முன் வந்தது. மகள் நீட்டிய முதல் துண்டை அவர் ஒரு வினாடி பார்த்துக்கொண்டே இருந்தார். சுற்றிலும் அத்தனை முகம். அடுப்படியிலிருந்து இவள் குரல். 'சரி, குடு' என்று வாயைத் திறந்தார். ஒரு துண்டு என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பார். பிறகு இரண்டாவது. மகள் சிரிக்கச் சிரிக்க, கிண்ணம் காலி.

தெரியாமல் தின்றார் என்பது கனமா, தெரிந்து தின்றார் என்பது கனமா என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார் சுகிமான். "ஆனா ஊர் வாய்... இன்னும் நாலு பேர் வருவாங்க அந்த வார்டுலேர்ந்து."

முன்பக்கம் ஆட்கள் பாடையைத் தூக்கும் சத்தம் கேட்டது. வீட்டார் அதன் அடியில் குனிந்து மூன்று தடவை கடந்துவர வேண்டும். போகிறவரைத் தோளுக்கு மேலே தூக்கி மரியாதை செய்து அனுப்புகிற வழக்கம். ஆறு பேர் உயர்த்திப் பிடித்தார்கள். பக்யோ பாடையின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தான். பச்சைத் துணி ஓரங்களில் தொங்கி, உள்ளே ஒரு சின்ன இருட்டு அறைபோல ஆகிவிட்டது.

"பிள்ளைத்தாய்ச்சி போகக் கூடாது," என்றாள் பார்மி. "வயித்துல இருக்கறது பயந்துக்கும்."

"எங்கப்பா," என்றாள் நிகேன். "எனக்கு என்ன பயம்?"

சுதார்னி முதலில் போனாள், பின்னால் நிகேன், முதுகை வளைத்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. முதல் தடவை வந்தார்கள். இரண்டாவது தடவையும் வந்தார்கள்.

மூன்றாவது தடவை சுதார்னி வெளியே வந்து நிமிர்ந்து திரும்பிப் பார்த்தபோது, பின்னால் மகள் இல்லை.

துணிக்கு அந்தப் பக்கம் நிகேனின் பாதங்கள் தெரிந்தன. நகரவில்லை. குந்தி உட்கார்ந்துவிட்டாள்போல. அழுகைச் சத்தம் இல்லை. பிறகு உள்ளிருந்து, மிகவும் தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி:

"அம்மா. டாக்டர் உங்கிட்ட என்ன கேட்டாங்க?"

"வயசு கேட்டாங்க," என்றாள் சுதார்னி.

பாதங்கள் அசையவில்லை. தூக்கிப் பிடித்தவர்களின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. பக்யோவின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

சுதார்னி தரையில் மண்டியிட்டு, துணியை விலக்கி, அந்த இருட்டுக்குள் கையை நீட்டினாள். நீட்டியபடியே தலையைத் தூக்கி ஆட்களைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்கப்பா," என்றாள். "புள்ளைக்குத் தலை இடிக்கும்."