நூற்று நாற்பது பித்தளை ஸ்க்ரூ

என் மச்சான் நல்ல தச்சர். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று வருடம் காத்திருந்து, மீன்பிடி உரிமத்துக்கு என் முறை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து படகைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் உரிமம் அடுத்த ஆளுக்கு; என் பெயர் பட்டியலின் கடைசிக்கு. அதற்காகத்தான் யாரோ கழித்துப் போட்ட அலுமினியப் படகை வாங்கி, வீட்டு வாசலை அடைத்துப் போட்டு, ஒரு மாதமாக அதோடு மல்லுக்கட்டினேன். அடியில் இருந்த ஓட்டைகளை நானே அடைத்தேன். உளுத்துப்போன தரைப்பலகையை மாற்ற மட்டும் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டேன். சும்மா இருக்கிறாரே, பாவம் என்று.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தாள் நுழையாது. புதன்கிழமை காலை தரையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன், ஸ்க்ரூவெல்லாம் மஞ்சளாக மின்னின. பித்தளை! உடனே ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் பித்தளை, பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தைத் தின்றுவிடும். போன வாரம் ஒரே ஒரு தடவை கடலில் இறக்கிப் பார்த்ததற்கே, பலகையைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

"மச்சான், பித்தளையா போட்டீங்க?"

"துருவே பிடிக்காது மாப்பிள்ளை. இருக்கறதுலயே ஒசத்தி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"இது என்ன உங்க வீட்டு அலமாரியா? நடுக்கடல்ல தரை கழண்டா, உங்க ஒசத்தி ஸ்க்ரூவா வந்து தூக்கும்?"

தெருவே கேட்கும்படி கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் உளிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நூற்று நாற்பது ஸ்க்ரூ. பாவி மனுஷன், என்ன இறுக்கு இறுக்கியிருக்கிறார்! வியாழன் மதியம்வரை நானும் மனைவியும் மாற்றி மாற்றித் திருகியும் நாற்பதுதான் வந்தது. கையெல்லாம் கொப்புளம்.

"ரோஷம் பார்த்தது போதும். போய் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள்.

போனேன். வேறு வழி? மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொடியை நான் போன வாரமே பார்த்துட்டேன் மாப்பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்துட்டுமா வாயைத் திறக்கலை?"

"சொன்னா கத்துவீங்க. அப்புறம் வர வேண்டாம்பீங்க. எட்டு மாசத்துல என்னை வேலைக்குக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். இருட்டுவதற்குள் மிச்சத்தை அவர் கழற்றிவிட்டார். அரித்த ஓட்டைகளை விட்டுவிட்டு, எவர்சில்வர் ஸ்க்ரூவுக்குப் புதிதாகத் துளைபோட ஆரம்பித்தோம்.

வெள்ளி காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தபோது பாதித் தரைதான் முடிந்திருந்தது. குனிந்து சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதைக் கடலுக்கு விட முடியாதுங்க. மறுபடி பேர் கொடுத்து வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடக் காத்திருப்பு அதோடு போயிற்று. மச்சான் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த ஐம்பது வயது மனிதர், அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"அடுத்த துளை எங்க போடணும் மச்சான்?" என்று கேட்டேன்.

நம்பாமல், ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.